புது ஊரில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள்: பக்கத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்வது எப்படி?

மன்னார்குடியிலோ கோவில்பட்டியிலோ முப்பது வருஷம் ஒரே தெருவில் இருந்துவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மேடவாக்கம், பெருங்குடி பக்கம் ஏதோ ஒரு பிளாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் உதவியைத் தேடிப் போக வேண்டியதில்லை. வாசலில் இரண்டு தடவை இருமினால் பக்கத்து வீட்டிலிருந்து கஷாயம் வந்துவிடும். இங்கே எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே ஆறு மாசத்துக்குத் தெரியாது. பிள்ளையும் மருமகளும் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். நடுவில் உங்களுக்குத் தலைசுற்றினால் யாரைக் கூப்பிடுவது?

அந்த நாலு பேர் இங்கே தானாக அமைய மாட்டார்கள். நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். அதில் கஷ்டமான வேலை மற்றவர்களுக்கு உதவுவது இல்லை. அதை நாம் வயது முழுக்கச் செய்துவிட்டோம். உதவி கேட்பதுதான் கஷ்டம். எனவே அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் ஆட்கள்

ஸ்கூல் வேன் நிற்கும் இடத்துக்குப் போங்கள். பேரனின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நிற்பவர்களில் பாதிப்பேர் உங்கள் வயதுக்காரர்களாக இருப்பார்கள். வேன் போனதும் அவர்களுக்கு ஒரு பத்து நிமிஷம் ஓய்வு. வீட்டுக்குத் திரும்ப அவசரமே படமாட்டார்கள், கவனித்துப் பாருங்கள். அடுத்த இடம் காய்கறி வண்டி. பிரதோஷத்தன்று கோயில், ஞாயிற்றுக்கிழமை சர்ச், கோடையில் வடாம் காயும் மொட்டைமாடி எல்லாம் அதற்கப்புறம்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு என் யோசனை: ஏதாவது கேட்டு வாங்குங்கள். "அக்கா, நாங்க புதுசா வந்திருக்கோம். வீட்டுல உறைக்குக்கூட மோர் இல்ல, ஒரு ஸ்பூன் கிடைக்குமா?" இதற்கு இல்லை என்று சொல்லும் பெண்ணை நான் பார்த்ததில்லை. பாக்கெட் தயிர் கீழே கடையில் கிடைக்கும் என்பது இருவருக்கும் தெரியும், இருந்தாலும் கேட்கலாம். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் கிண்ணமாகக் கொடுக்க மாட்டீர்கள். இரண்டு அதிரசமோ கொஞ்சம் பருப்புப்பொடியோ போகும். அவரும் பதிலுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவார். இப்படி மூன்று தடவை கிண்ணம் போய்வந்தால் பழக்கம் உறுதி.

பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ரமேஷ் அம்மா", "பி பிளாக் பாட்டி" என்று போனில் பதிந்துவைத்தால் அவசரத்துக்கு ஆஸ்பத்திரிப் படிவத்தில் எழுத அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. கூப்பிடுவது அக்கா, மாமி, அம்மா என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்.

எத்தனை பேர் என்றால், ஆறிலிருந்து பத்துக்குள் நிறுத்துங்கள். நாலு பேர் என்றால் ஒருவர் ஊருக்குப் போனதும் கூட்டம் படுத்துவிடும். பதினைந்து என்றால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் ஒரே ஜாதி, ஒரே ஊர் என்று பார்த்துச் சேர்க்காதீர்கள். ஒரு ஓய்வுபெற்ற டீச்சர், வங்கியில் வேலை பார்த்தவர், நர்ஸாக இருந்தவர், தையல் மிஷின் வைத்திருப்பவர், நாலு வீட்டில் சமையல் செய்பவர் என்று கலந்து இருந்தால்தான் ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். சமையல் செய்கிற அந்தப் பெண்ணுக்குத்தான் எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பதும் தெரியும்.

நாள், நேரம், இடம்

வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம். செவ்வாய், வெள்ளி கோயில் வேலை இருக்கும்; சனி, ஞாயிறு பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். புதன் அல்லது வியாழன் நல்லது. மதியம் தூங்கி எழுந்ததற்கும் குழந்தைகள் பள்ளியிலிருந்து வருவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு, இரண்டே முக்காலிலிருந்து மூன்றே முக்கால் வரை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் சீரியல் நேரத்தில் வைத்தால் யாரும் வரமாட்டார்கள், வருகிறேன் என்று மட்டும் எல்லாரும் சொல்வார்கள்.

இடம் வீடாக இல்லாமல் இருப்பது நல்லது. நம்மில் பலருக்கு அது மருமகளின் வீடு அல்லது மாப்பிள்ளையின் வீடு. எட்டு பேரைக் கூட்டிவைத்துப் பேசச் சங்கடமாக இருக்கும். அதோடு, வீட்டில் வைத்தால் விருந்தோம்பல் ஆரம்பித்துவிடும். முதல் வீட்டில் பஜ்ஜி, அடுத்த வீட்டில் பஜ்ஜியும் கேசரியும், மூன்றாவது வீட்டுக்காரருக்கு முட்டிவலி. அப்பார்ட்மென்ட் ஹால், பூங்கா, கோயில் பிரகாரம், மொட்டைமாடி நிழல் போதும். சுண்டல் மட்டும் ஒருவர் கொண்டுவரட்டும். சர்க்கரைக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், சுண்டல் எல்லாருக்கும் ஒத்துப்போகும்.

வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "புதன்கிழமை மூணு மணிக்கு எனக்கு வேலை இருக்கு." எங்கே, என்ன வேலை என்று விளக்கம் தேவையில்லை. இரண்டு வாரம் முகம் சுளிப்பார்கள், மூன்றாவது வாரம் "அம்மா, இன்னிக்குப் புதன்கிழமை ஆச்சே, கிளம்பலையா?" என்று அவர்களே கேட்பார்கள்.

சில கட்டுப்பாடுகள்

பணம் கூடாது. கடன், கைமாற்று, சீட்டு, புடவை வியாபாரம், ஆள் சேர்த்தால் கமிஷன் தரும் பவுடர் டப்பா, எதுவுமே கூடாது. நம் மாநிலத்தில் பெண்கள் சேர்ந்து சேமித்துக் கடன் கொடுக்கும் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கி வளர்ந்தவை. பன்னிரண்டு முதல் இருபது பேர், வங்கிக் கணக்கு, தீர்மானப் புத்தகம் என்று அதற்கு ஒழுங்கான முறை இருக்கிறது. பணத்தேவை இருப்பவர் அங்கே சேரட்டும். சீட்டுப் போடுகிறவர்கள், 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுசெய்த சீட்டு நிறுவனத்தில் போடட்டும். நம் கூட்டத்தில் ஐயாயிரம் ரூபாய் கைமாறிய அன்றே இரண்டு பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள். கொடுத்தவர் கேட்கக் கூசுவார், வாங்கியவர் முகத்தில் முழிக்கக் கூசுவார்.

வீட்டு விஷயம் பேசலாம், தாராளமாக. மருமகளைப் பற்றிப் புலம்பாமல் இந்த வயதில் எங்கே போய்ப் புலம்புவது? ஆனால் கேட்டவர் அதை லிஃப்டில் சொல்லக் கூடாது. ஒருவர் அழுதால் உடனே "எங்க வீட்டுலயும்..." என்று நம் கதையைத் தொடங்காமல் ஐந்து நிமிஷம் கேட்கப் பழகுவது எல்லாவற்றையும்விடக் கடினம். நானும் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்றை முதல் நாளே பேசி முடிவுசெய்யுங்கள். நவராத்திரி, வரலட்சுமி நோன்பு என்று வரும்போது கணவரை இழந்தவர்களுக்கு மட்டும் அழைப்பு போகாது. அவர்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள், யாரும் அதைப் பேசமாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய கூட்டத்தில் அவர்கள் பலர் இருப்பார்கள், இன்று இல்லாவிட்டால் நாளை நாமும் அவர்களில் ஒருவர். இந்தக் கூட்டத்தில் வெற்றிலைபாக்கு, பூ, குங்குமம் என்றால் எல்லாருக்கும் ஒரே தட்டு. வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லட்டும், ஆனால் தட்டை அவரிடமும் நீட்ட வேண்டும்.

ஒரு தாளும் ஒரு குட்மார்னிங்கும்

ஒவ்வொருவரும் ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: பெயர், வயது, ரத்த வகை, தினமும் போடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டர் பெயர், பிள்ளைகளின் எண்கள், மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரம். கடைசியில் சில பொது எண்கள்: ஆம்புலன்ஸ் 108, மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567, பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416, இணைய மோசடிக்கு 1930. ஒரு பிரதி சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம், இன்னொன்று கூட்டத்தில் உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவரிடம். மாத்திரை மாறினால் தாளும் மாற வேண்டும்.

காலையில் நாம் அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். தனியாக இருப்பவருக்கு அது வருகைப் பதிவேடு. எட்டு மணிக்குள் ஒரு பூவாவது வரவேண்டும். வராவிட்டால் எட்டேகாலுக்குப் போன். எடுக்காவிட்டால் மாற்றுச்சாவி வைத்திருப்பவர் கதவைத் தட்டிவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். குளியலறையில் விழுந்தவர் எழ முடியாமல் எவ்வளவு நேரம் கிடக்கிறார் என்பதில்தான் பெரிய சேதமா சின்ன சேதமா என்பது இருக்கிறது. குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாத பழக்கமும் நல்லது. வெளியே ஒரு துண்டைத் தொங்கவிட்டால் ஆள் இருப்பது தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: போலீஸ், சி.பி.ஐ. என்று சொல்லி வீடியோ காலில் யாரையும் கைதுசெய்ய முடியாது. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று நம் சட்டத்திலேயே இல்லை. அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு உடனே சொல்ல வேண்டும். மிரட்டுகிறவன் முதலில் சொல்வதே "யாரிடமும் சொல்லாதே" என்பதுதான். பணம் போய்விட்டது என்றால் எத்தனை சீக்கிரம் 1930க்குச் சொல்கிறோமோ அத்தனை நல்லது.

ஆஸ்பத்திரிக்குத் துணை

துணைக்குப் போவது என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் இல்லை. முதல் நாளே இருவரும் சேர்ந்து டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள். பழைய சீட்டுகள், ஸ்கேன், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். உள்ளே போனதும் நோயாளி பேசட்டும், துணைக்கு வந்தவர் எழுதட்டும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், பழைய மாத்திரையை நிறுத்த வேண்டுமா, அடுத்து எப்போது வரவேண்டும். இந்த நான்கையும் கேட்காமல் எழுந்து வரக் கூடாது.

நம் வயதில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சில விஷயங்களைக் கூட்டத்தில் பேசத் தொடங்கினாலே பாதி பயம் போகும். மாதவிலக்கு ஒரு வருஷம் வராமல் இருந்து முழுதாக நின்றுவிட்ட பிறகு, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது, சூடு என்று வெந்தயம் விழுங்கிக்கொண்டும் இருக்கக் கூடாது. பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும். சில சமயம் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கும், அதைச் சீக்கிரம் பிடித்தால் குணப்படுத்தலாம். அப்புறம், இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது. இதற்காகவே எத்தனையோ பெண்கள் வெளியே போவதையும் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கிச் சில விநாடி வைத்து விடுகிற பயிற்சியைச் சரியாகக் கற்றுத் தினமும் செய்தால், சில வாரங்களில் பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள். ஒருவர் போய்விட்டு வந்து "ஒண்ணும் இல்ல, அஞ்சு நிமிஷ வேலை" என்றால் அடுத்தவர் எழுந்துவிடுவார். பி.பி., சர்க்கரைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குபவர் நடமாட முடியாதவராக இருந்தால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

மாதம் ஒரு காகிதம்

இதில்தான் கூட்டத்தில் இருக்கும் வங்கிக்காரரும் டீச்சரும் உதவ வேண்டும். நம்மில் பலர் கையெழுத்துப் போட்டிருப்போம், எதில் என்று தெரியாது. எனவே மாதத்தில் ஒரு புதன்கிழமையைக் காகிதத்துக்கு என்று வையுங்கள். எல்லாரும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, ஒரு மாதம் வங்கி, ஒரு மாதம் வீட்டுப் பத்திரம், ஒரு மாதம் இன்ஷூரன்ஸ் என்று நிதானமாக நிரப்புங்கள்.

வங்கியில் முதலில் பார்க்க வேண்டியது, கணக்கு யார் பெயரில், நாமினி யார் என்பது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்த கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் அல்லது உயிருடன் இருப்பவர் இயக்கலாம் என்ற ஏற்பாட்டில் இருந்தால் சிக்கல் குறைவு. நாமினியோ இப்படி ஏற்பாடோ இருந்தால், கணக்கு வைத்திருந்தவர் இறந்தபின் சரியான காகிதங்களைக் கொடுத்த 15 நாளுக்குள் வங்கி பணத்தைக் கொடுத்து முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று அர்த்தம் இல்லை. வாரிசுகளுக்காக அவர் வாங்கிவைக்கிறார், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் அண்ணன் தம்பிகள் பேச்சு விட்டுப்போன குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி யாராவது நெருக்கினால், அந்த வாரமே கூட்டத்தில் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்துசெய்ய 60 வயதானவர்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால்தான் கை வலுக்கும். வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்; முதலில் சொந்தமாக ஒரு வக்கீலைப் பாருங்கள், பிள்ளை அழைத்துவரும் வக்கீலை வேண்டாம். அதே சட்டத்தில், சோறுபோட மறுக்கும் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பெற்றோர் என்றால் அதற்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

கையில் கொஞ்சம் பணம் இருப்பவர்கள் 60 ஆனதும் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்.

துக்கம் நடந்த வீட்டில்

காரியம் முடியும்வரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பதினாறாம் நாள் கழிந்து உறவெல்லாம் பஸ் ஏறியதும் ஆரம்பிப்பதுதான் நிஜமான துக்கம். கூட்டத்தின் வேலை அன்றுதான் தொடங்குகிறது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க அக்கா" என்று சொல்லாதீர்கள், யாரும் சொல்லமாட்டார்கள். "நாளைக்கு மதியம் ரசமும் பருப்புத் துவையலும் கொண்டுவர்றேன், சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தனியாக ஒரு தட்டை எடுத்துவைத்துச் சாப்பிடுவது அந்த வீட்டில் பெரிய தண்டனை. யார் எந்த நாள் போவது என்று ஒரு மாதத்துக்கு முறை போட்டுக்கொள்ளுங்கள்.

காகித வேலைக்கும் ஒருவர் கூடப் போக வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சான்றிதழ் வந்ததும் பத்துப் பிரதியாவது எடுத்துவையுங்கள், எல்லா இடத்திலும் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் வழங்கும். கணவர் பென்ஷன் வாங்கியவர் என்றால் அவருடைய பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) நகலைத் தேடி எடுத்துக் குடும்ப ஓய்வூதியத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் அவருக்குத் தன் பெயரை எழுதவே கை வராது. கவுன்டரில் யாராவது எரிந்து விழுந்தால் பதில் பேச, பக்கத்தில் ஒரு டீச்சர் இருப்பது ரொம்ப உபயோகம்.

மூன்று, நான்கு மாதம் கழித்தும் சாப்பிடாமல், தூங்காமல், யாரையும் பார்க்காமல் இருந்தால் 14416க்குப் பேசவைக்கலாம், அல்லது டாக்டரிடம் அழைத்துப் போகலாம். நாம் சொல்லும் ஆறுதலுக்கும் ஒரு எல்லை உண்டு.

வெளியே கிளம்பலாம்

நகர்ப்புறச் சாதாரணப் பேருந்துகளில் 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனவே பயணத்துக்குப் பிள்ளையிடம் கை நீட்ட வேண்டியதில்லை. ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. ஆனால் 45 வயதான பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது கிடைக்கும். எட்டு பேர் ராமேஸ்வரம் போகிறோம் என்றால் எட்டு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்காமல், இரண்டிரண்டு பேராக நாலு டிக்கெட் எடுங்கள்.

மனஸ்தாபம் வந்தால்

வரும். சுண்டல் எப்போதும் தானே கொண்டுவருவதாக ஒருவர் குறைப்படுவார். தன்னை ஆஸ்பத்திரிக்கு யாரும் அழைத்துப் போகவில்லை என்று இன்னொருவர் இரண்டு வாரம் வரமாட்டார். போனில் சமாதானம் பேசாதீர்கள், நேரில் போங்கள். கூட்டத்தையே ஒருவர் தலையில் கட்டாமல் மாதம் ஒருவர் என்று பொறுப்பை மாற்றுங்கள். அப்போதுதான் எல்லாருக்கும் அந்தச் சிரமம் தெரியும்.

கேட்காமலே எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்துவிட்டு, தனக்கு ஒன்று என்றால் வாயே திறக்காத ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். மாதம் ஒருமுறையாவது அவரை நம்மிடம் ஒரு உதவி கேட்கவையுங்கள். மாவு அரைத்துத் தருவது, ஊசியில் நூல் கோத்துத் தருவது, எதுவானாலும் சரி. சின்ன விஷயத்தில் கேட்டுப் பழகாதவர் நெஞ்சுவலி வரும்போதும் விடியட்டும் என்று காத்திருப்பார்.

பத்துப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் சந்தோஷப்பட்டுக்கொண்டு அப்படியே விடாதீர்கள். பிளாக் வாரியாகவோ தெரு வாரியாகவோ இரண்டாகப் பிரியுங்கள். யாரும் யாரையும் விலக்கவில்லை என்று தெரிவதற்காக, மாதத்தின் கடைசிப் புதன் மட்டும் இரண்டு கூட்டமும் ஒன்றாக உட்காரட்டும். மாற்றுச்சாவியை மட்டும் நடந்து இரண்டு நிமிஷத்தில் வந்துசேரக்கூடியவரிடமே கொடுங்கள், அவர் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும்.